சரீரம் உயிர்த்தெழுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப் பிரமாணத்தின் முடிவில் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று வருகிறது. கத்தோலிக்கர் "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" என்பார்கள். ஞாயிறுதோறும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்காரும் இந்த வரியைப் பற்றித்தான் திடப்படுத்தல் வகுப்பிலும், அதைவிட அதிகமாகத் துக்க வீடுகளிலும், என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களையே கேள்விகளாக வைத்திருக்கிறேன். திருச்சபைகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கும் இடங்களில் அதை மறைக்கவில்லை.

உயிர்த்தெழுதல் என்றால் ஆத்துமா பரலோகம் போவதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகள் இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறந்தவை. இறந்தவரின் ஆத்துமா கடவுளிடம் போகிறது என்பதைப் பெரும்பாலான திருச்சபைகள் ஏற்கின்றன. ஆனால் அதை யாரும் உயிர்த்தெழுதல் என்று சொன்னதில்லை. சாவில் விழுந்தது உடல். எழுந்திருக்க வேண்டியதும் அதுதான்.

அப்போஸ்தலன் பவுல் கிரேக்க நாட்டின் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தில் பேசியதைப் படித்துப் பாருங்கள் (அப்போஸ்தலர் 17). உலகைப் படைத்த ஒரே கடவுள், மனிதர் கைகளால் கட்டிய கோயில்களில் அவர் குடியிருப்பதில்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரித்தோர் எழுவதைப் பற்றிச் சொன்னதும் சிலர் பரிகசித்தார்கள். ஆத்துமா அழியாதது என்று மட்டும் அவர் சொல்லி நிறுத்தியிருந்தால், பிளேட்டோவைப் படித்தவர்கள் சரிதான் என்று தலையசைத்திருப்பார்கள். உடலிலிருந்து விடுபடுவதே அவர்களுக்கு விடுதலை. அந்த உடல் திரும்பக் கிடைக்கும் என்பது அவர்கள் காதுக்கு நல்ல செய்தியாகவே ஒலித்திருக்காது.

அப்படியென்றால் இறந்துபோன என் அப்பா இப்போது எங்கே இருக்கிறார்?

கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பதே பெரும்பாலான கிறிஸ்தவர்களின் பதில். சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்னார். தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனே இருக்க ஆசை என்று பவுல் எழுதினார் (பிலிப்பியர் 1:23). ஆனால் அது பயணத்தின் முடிவு அல்ல. வெளிப்படுத்தின விசேஷம் 6-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்தின் கீழே இருக்கும் இரத்தசாட்சிகளின் (விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின்) ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்?" என்று கேட்கின்றன. கடவுளின் சமுகத்தில் இருந்தும் அவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

இதில் ஒருமித்த கருத்து எக்காலத்திலும் இருந்ததில்லை. கடவுளை நேருக்கு நேர் காணும் பேறு இறுதி நாளில்தான் என்று 1331-இல் திருத்தந்தை 22-ஆம் யோவானே பிரசங்கித்துப் பெரும் சர்ச்சை எழுந்தது. 1334-இல் மரணப்படுக்கையில் அவர் அதிலிருந்து பின்வாங்கினார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட், தூய்மையடைந்த ஆத்துமாக்கள் உடல் எழுவதற்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று 1336-இல் அறுதியிட்டார். இறந்தபின் ஆத்துமாக்கள் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய கத்தோலிக்கப் போதனையைப் புராட்டஸ்டண்ட் சபைகள் ஏற்பதில்லை. மரணத்தை நித்திரை என்று பேசுவது புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்குப் பிடித்திருந்தது. ஆத்துமா தூங்குகிறது என்ற கருத்தை மறுக்க இன்னொரு சீர்திருத்தவாதியான ஜான் கால்வின் 1534-இல் தனியாக ஒரு நூலே எழுதினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இன்றும் அந்த நித்திரைக் கருத்தைத்தான் போதிக்கிறார்கள். இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவிலும், இறுதியில் உடல் எழும் என்பதில் இவர்கள் அனைவரும் ஒரே பக்கம்.

லாசருவும்தான் எழுந்து வந்தான். இயேசு எழுந்ததில் என்ன விசேஷம்?

இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய லாசரு திரும்பி வந்தது பழைய வாழ்க்கைக்கு. பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொல்ல ஆலோசித்தார்கள் என்று யோவான் 12:10 சொல்கிறது. அதாவது அவனை மறுபடியும் கொல்ல முடியும். இயேசு எழுப்பிய நாயீன் ஊர் விதவையின் மகனும் யவீருவின் மகளும் அப்படித்தான். பிறகு ஒருநாள் அவர்களும் இறந்தார்கள்.

இயேசு திரும்பி வரவில்லை, கடந்து போனார். மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை (ரோமர் 6:9). யோவான் நற்செய்தியே இந்த வேறுபாட்டை ஓசையில்லாமல் காட்டுகிறது. லாசரு பிரேதச் சீலைகளோடு வெளியே வருகிறான், மற்றவர்கள் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் மட்டும் கிடக்கின்றன. கிறிஸ்தவர்கள் எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான்.

பழைய ஏற்பாட்டில் இது இருக்கிறதா, புதிதாகச் சேர்த்ததா?

இருக்கிறது, ஆனால் குறைவாக. பெரும்பாலும் பிந்தைய பகுதிகளில். "பூமியின் தூளிலே நித்திரைபண்ணுகிறவர்களாகிய அநேகர்" விழித்தெழுவார்கள் என்ற தானியேல் 12:2 மிகத் தெளிவானது. ஏசாயா 26:19-உம் உண்டு. எசேக்கியேல் 37-இல் உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் காட்சி நேரடியாகப் பேசுவது இஸ்ரவேல் ஜனம் சிறையிருப்பிலிருந்து மீள்வதைப் பற்றி. அதை நேரடி ஆதாரமாகக் காட்டும் பிரசங்கியார்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் உள்ள 2 மக்கபேயர் 7-இல், சித்திரவதைக்கு ஆளான சகோதரர்களில் ஒருவன் தன் கைகளை நீட்டி, இவற்றைக் கடவுளிடமிருந்து திரும்பப் பெறுவேன் என்கிறான். உடலைப் பற்றிய நம்பிக்கை என்பதற்கு இதைவிடக் கூர்மையான காட்சி எனக்குத் தெரியாது.

இயேசுவின் காலத்து யூத சமயப் பிரிவுகளில் பரிசேயர்கள் இதை நம்பினார்கள், சதுசேயர்கள் மறுத்தார்கள். அந்த வாதத்தில் இயேசு பரிசேயர் பக்கம் நின்றார்.

எழுந்தது இயேசு. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

"நித்திரையடைந்தவர்களில் முதற்பலனானார்" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 15:20). முதற்பலன் என்பது அறுவடையின் முதல் கதிர்க்கட்டு. மீதி வயல் பின்னால் வருகிறது. கொரிந்து சபையில் சிலர் இயேசு எழுந்ததை ஏற்றுக்கொண்டு, மற்றவர்கள் எழுவதை மட்டும் மறுத்ததாகத் தெரிகிறது. அப்படிப் பாதியாக நம்ப முடியாது என்பதே அந்த அதிகாரம் முழுவதும் பவுலின் வாதம். மரித்தோர் எழுவதில்லை என்றால் கிறிஸ்துவும் எழவில்லை, அவர் எழவில்லையென்றால் "எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா."

சீஷர்களின் மனதில் எழுந்தார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாதா? உடல் எழுந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

அப்படி எடுத்துக்கொள்கிற இறையியலாளர்கள் உண்டு. ஆனால் நற்செய்தி நூல்கள் சொல்ல வருவது அதை அல்ல. காலியான கல்லறை, தொட்டுப் பாருங்கள் என்ற அழைப்பு, பொரித்த மீனை வாங்கித் தின்றது (லூக்கா 24) எல்லாம் உடலைப் பற்றிய பேச்சு. ஒருவர் அதை நம்ப மறுக்கலாம். நற்செய்தியை எழுதியவர்கள் வேறெதையோ சொன்னார்கள் என்று சொல்வது கடினம்.

ஆதாரம் என்று வந்தால் மூன்றைச் சொல்வேன். பவுல் கொரிந்தியருக்கு ஏறத்தாழ கி.பி. 55-இல் எழுதும்போதே, தான் பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டதாக ஒரு சாட்சிப் பட்டியலைத் தருகிறார். அதில் வரும் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். நான்கு நற்செய்திகளும் கல்லறைக்கு முதலில் போனவர்களாகப் பெண்களைக் காட்டுகின்றன. பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்பு குறைவாக இருந்த காலம் அது. அவர்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கே "வீண்பேச்சாகத்" தோன்றியதாம். கதை கட்டுகிறவர்கள் இப்படிக் கட்டமாட்டார்கள். மூன்றாவது, ஓடிப்போன சீஷர்கள் அதே எருசலேமில் திரும்ப வந்து நின்றது. இவை எதுவும் ஆய்வுக்கூட நிரூபணம் அல்ல. கணித நிரூபணம்போல இதை மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

"ஆவிக்குரிய சரீரம்" என்று பவுலே சொல்கிறார். ஆவிக்கு ஏது உடல்?

அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் வரி இது. ஆவியால் செய்யப்பட்ட உடல், புகைபோன்ற ஒன்று, என்று நினைத்துவிடுகிறார்கள். அதே கடிதத்தில் பவுல் "ஆவிக்குரியவன்" என்று உயிரோடிருக்கும் மனிதர்களையும் குறிப்பிடுகிறார் (2:15). அவர்கள் புகையால் ஆனவர்கள் அல்ல, கடவுளின் ஆவியால் நடத்தப்படுகிறவர்கள். ஆவிக்குரிய சரீரமும் அப்படித்தான்: எதனால் ஆனது என்பதைவிட எதனால் உயிர்வாழ்கிறது என்பதே கேள்வி. "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது" என்ற வசனத்தையும் (15:50) அதே வசனத்தின் அடுத்த பாதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே தடையாகச் சொல்லப்படுவது அழிவு, உடல் அல்ல. மூன்று வசனம் தாண்டி, இந்த அழிவுள்ளது அழியாமையைத் தரித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். கழற்றி எறிவதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

எப்படிப்பட்ட உடல் என்று கேட்கிறவனுக்குப் பவுல் கொடுக்கும் உவமை விதை. மண்ணில் போடும் மணியும் முளைத்து நிற்கும் பயிரும் பார்வைக்கு ஒன்றல்ல. ஆனால் அந்த மணியிலிருந்துதான் அந்தப் பயிர். "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." உயிர்த்த இயேசுவைப் பற்றிய கதைகளிலும் இதே இரட்டைத்தன்மை இருக்கிறது. மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள், பெயர் சொல்லி அழைத்ததும் கண்டுகொள்கிறாள். பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், ஆனால் தோமா தொடுவதற்குக் காயம் இருக்கிறது. இதற்குமேல் வர்ணிக்க வேதாகமம் முயலவில்லை. நானும் முயலப்போவதில்லை.

மறுபிறவியும் இதுவும் ஒன்றுதானே, பெயர்தானே வேறு?

ஒன்றல்ல. மறுபிறவியில் உயிர் வேறொரு உடலை எடுக்கிறது, பிறவிகள் பல, அவற்றிலிருந்து விடுபடுவதே இலக்கு. இங்கே பிறவி ஒன்று, மரணம் ஒன்று (எபிரெயர் 9:27), எழுவது அதே ஆள். விடுபட வேண்டியது சாவிலிருந்து, உடலிலிருந்து அல்ல. இரண்டையும் கலந்து மரியாதையாகப் பேசுவதாக நினைப்பவர்கள் இரண்டையுமே சரியாகக் கேட்காமல் போகிறார்கள்.

எங்கள் அம்மாவை எரியூட்டிவிட்டோம். அவர் எழுவதற்கு அது தடையா?

இல்லை. இந்தக் கேள்வியைக் குற்ற உணர்வோடு கேட்கிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கி.பி. 177-இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுகிறார்கள் பார்ப்போம் என்பதே அவர்களின் எண்ணம் என்று அந்தச் சபைகள் எழுதிய கடிதம் சொல்கிறது. திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் அதைப் பாதுகாத்து வைத்தார். அந்த இரத்தசாட்சிகள் எழமாட்டார்கள் என்று எந்தக் கிறிஸ்தவரும் நம்பவில்லை. கடலில் மூழ்கியவர்களும் போரில் சிதறியவர்களும் இருக்கிறார்கள். மண்ணில் புதைத்ததும் சில தலைமுறைகளில் மண்ணாகத்தான் போகிறது.

நடைமுறை சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருச்சபை 1886-இல் தகனத்தைத் தடைசெய்தது, 1963-இல் அனுமதித்தது. உயிர்ப்பை மறுக்கும் நோக்கத்தோடு அதைத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. அடக்கம் செய்வதையே விரும்புவதாகவும், சாம்பலைத் தூவக்கூடாது என்றும் 2016-இல் மீண்டும் அறிவுறுத்தியது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளில் தடை இல்லை. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக ஏற்பதில்லை.

கண் தானம் செய்தால் அங்கே கண் இல்லாமல் எழுவேனா?

மாட்டீர்கள். மேலே எரியூட்டுவது பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். முழு உடலையும் சாம்பலிலிருந்து எழுப்புகிறவருக்குக் கண் ஒரு சிக்கல் அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உறுப்பு தானத்தை அன்பின் செயலாகவே பாராட்டினார். தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள்.

ஒருவர் உடல் மண்ணாகி, அதில் முளைத்ததை இன்னொருவர் சாப்பிட்டு, அது அவர் உடலாகிவிடுகிறது. அந்த அணு கடைசியில் யாருக்கு?

மாட்டிக்கொண்டீர்களா என்ற புன்னகையோடு கேட்கப்படும் கேள்வி. மிகப் பழையது. இறையியலாளர் அகுஸ்தீனார் 5-ஆம் நூற்றாண்டிலேயே இதன் கொடூரமான வடிவத்தை எடுத்துக்கொண்டார்: பஞ்சத்தில் மனிதனை மனிதன் தின்றால் அந்தச் சதை யாருக்கு? முதலில் யாருடையதோ அவருக்கே திருப்பித் தரப்படும், தின்றவன் கடன் வாங்கியவன் போன்றவன் என்றார். எனக்கு அந்தப் பதில் திருப்தி தரவில்லை. அணுக்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கும் வேலையாக அது உயிர்த்தெழுதலைச் சுருக்கிவிடுகிறது.

அவருக்கும் முன்பு, 3-ஆம் நூற்றாண்டில், ஓரிகன் என்ற இறையியலாளர் வேறு வழியைக் காட்டினார். உயிரோடிருக்கும்போதே நம் உடலின் பொருள் ஒரே நிலையில் இருப்பதில்லை, மாறாமல் நிற்பது அதன் உருவமைப்பு என்றார். இன்றைய உயிரியல் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்களே வாழ்கிறது. தோல் ஓயாமல் உதிர்ந்து புதிதாகிறது. பத்து வயதில் இருந்த அணுக்களில் பெரும்பகுதி இன்று உங்களிடம் இல்லை, ஆனாலும் பள்ளிக்குப் போன அதே ஆள்தான் நீங்கள். இப்போதே அணுக்களின் பட்டியலால் நீங்கள் நீங்களாக இல்லாதபோது, எழும்போது மட்டும் அந்தப் பட்டியல் எதற்கு?

அப்படியென்றால் எழுவது நானா, என்னைப்போலவே செய்யப்பட்ட இன்னொருவனா?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி. முந்தைய பதிலை ஏற்றால் உடனே வருவதும் இதுவே. பொருளும் வேறு, இடையில் நீண்ட காலம் எதுவும் இல்லை என்றால், எழுந்தவன் நகலாகத்தான் இருப்பான் என்ற வாதத்துக்கு வலு உண்டு.

பெரும்பாலான திருச்சபைகளின் பதில், இடையில் ஆத்துமா தொடர்கிறது என்பது. 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், ஆத்துமாவை உடலுக்கு வடிவம் தருவதாகவே பார்த்தார். ஆகவே அதே ஆத்துமா வடிவம் தரும் உடல் அதே உடல்தான். ஆனால் 1 கொரிந்தியர் 15-க்கு எழுதிய உரையில் அவர் இன்னொன்றும் சொன்னார்: "என் ஆத்துமா நான் அல்ல." ஆத்துமா மட்டும் தப்பித்தால் நான் இன்னும் மீட்கப்படவில்லை என்பது அவர் கருத்து. முதல் கேள்விக்கு நான் கொடுத்த பதிலின் வேர் இங்கே இருக்கிறது.

தனித்து நிற்கும் ஆத்துமா என்பதை ஏற்காத இன்றைய கிறிஸ்தவச் சிந்தனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி கடவுளின் நினைவிலும் உண்மையிலும் இருக்கிறது. சதுசேயருக்கு இயேசு சொன்ன பதிலை அவர்கள் காட்டுவார்கள்: ஆபிரகாமின், ஈசாக்கின், யாக்கோபின் தேவன் மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவன். அந்தப் பதிலும் ஆத்துமாவின் இயல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கடவுளைப் பற்றியே சொல்கிறது. நகல் என்ற சந்தேகத்தைத் தத்துவத்தால் மட்டும் முழுவதும் தீர்க்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கல்லறைக்கு வெளியே மரியாளைப் பெயர் சொல்லி அழைத்தவர் வேறொருவர் அல்ல என்பதை வைத்துத்தான் கிறிஸ்தவர்கள் தொடங்குகிறார்கள்.

எந்த வயதில் எழுவோம்? இரண்டு நாளில் இறந்த குழந்தை குழந்தையாகவே இருக்குமா?

வேதாகமத்தில் பதில் இல்லை. எல்லோரும் கிறிஸ்துவின் வயதில், முப்பதை ஒட்டி, எழுவார்கள் என்றும், குழந்தைகள் வளர்ந்திருந்தால் அடைந்திருக்கும் நிறைவை அடைவார்கள் என்றும் அகுஸ்தீனார் எண்ணினார். அது அவருடைய ஊகம். பிள்ளையை இழந்த தாயிடம் அந்த ஊகத்தை உறுதிபோலச் சொல்லமாட்டேன். அந்தக் குழந்தை கடவுளுக்குத் தெரிந்த குழந்தை, பாதியில் விட்டது பாதியாகவே நிற்காது. அவ்வளவுதான் சொல்லத் துணிவேன்.

என் தம்பி பிறவியிலேயே நடக்கமாட்டான். அங்கே "சரியாகி" எழுவான் என்கிறார்கள். அப்படியென்றால் அவன் இப்போது தவறானவனா?

அவர் தவறானவர் அல்ல. வலியும் அழுகையும் இனி இல்லை என்ற வாக்கு (வெளிப்படுத்தின விசேஷம் 21:4) உறுதியானது. ஆனால் எது வலி, எது ஒருவரின் அடையாளம் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அவசரமாகத் தீர்மானித்துவிடுகிறார்கள். உயிர்த்த கிறிஸ்துவின் உடலில் ஆணித்தழும்பு மறையவில்லை. இரத்தசாட்சிகளின் காயங்களும் குறையாக அல்ல, அழகாகத் தெரியும் என்று அகுஸ்தீனார் எழுதினார். மாற்றுத்திறனோடு வாழும் இறையியலாளர்கள் சிலர் இந்தத் தழும்பிலிருந்தே தங்கள் சிந்தனையைத் தொடங்குகிறார்கள். தம்பி என்ன எதிர்பார்க்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

முதல் மனைவி இறந்து மறுமணம் செய்தேன். அங்கே யார் என் மனைவி?

சதுசேயர் கேட்ட கேள்வியின் நேரடி வாரிசு இது. அவர்கள் ஏழு சகோதரர்களை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண்ணை வைத்துக் கேட்டார்கள். அங்கே கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்றார் இயேசு (மத்தேயு 22:30). திருமணம் இல்லை என்றுதான் சொன்னார். ஒருவரையொருவர் மறந்துவிடுவோம் என்று சொல்லவில்லை.

விசுவாசிகள் மட்டும்தான் எழுவார்களா?

எல்லோரும். "நீதிமான்களும் அநீதிமான்களுமாகிய" மரித்தோர் எழுவார்கள் என்பது பவுலின் சாட்சி (அப்போஸ்தலர் 24:15). யோவான் 5:28-29-உம் அதையே சொல்கிறது. பிறகு நியாயத்தீர்ப்பு. அதன் முடிவு பற்றி, முடிவில்லாத தண்டனையா, அழிந்துபோவதா, இறுதியில் எல்லோரும் மீட்கப்படுவார்களா என்று, பழங்காலத்திலிருந்தே வாதம் நடக்கிறது. பெரும்பான்மையானவர்கள் முதலாவதைச் சொல்லிவந்திருக்கிறார்கள். அது தனிப் பக்கத்துக்கான விஷயம்.

இவ்வளவு நம்பிக்கை இருந்தால் சாவு வீட்டில் ஏன் அழ வேண்டும்? அழுவது அவிசுவாசம் என்று ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்.

அவர் தவறாகச் சொன்னார். சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்பதே. துக்கமே கூடாது என்று அதைப் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். அதே பவுல் மரணத்தைக் கடைசிச் சத்துரு என்கிறார். உடல் ஒரு பொருட்டல்ல என்று நினைப்பவர்தான் அழாமல் இருக்க முடியும். உடல் எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு அது இப்போது அசைவற்றுக் கிடப்பது உண்மையான இழப்பு.

என் நாய் எழுமா?

சிரிக்காதீர்கள், பெரியவர்களும் கேட்கிறார்கள். விலங்குகளின் உயிர் உடலோடு முடிந்துவிடுகிறது என்றார் அக்குவினாஸ். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1781-இல் எழுதிய பிரசங்கம் ஒன்றில், விலங்குகளும் இப்போதைய துன்பத்திலிருந்து மீட்கப்பட்டு இன்னும் மேலான நிலையை அடையும் என்று வாதாடினார். படைப்பு முழுவதும் அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகக் காத்திருக்கிறது என்ற ரோமர் 8-தான் அவருக்கு ஆதாரம். குறிப்பிட்ட ஒரு நாயைப் பற்றி அந்த அதிகாரம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் வெஸ்லியின் பக்கம்.